அன்னவாசலில் ஒரு வேளை உணவு

விடுமுறை நாளில் குடும்பத்தோடு சித்தன்னவாசல் செல்ல எண்ணியிருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவுதான். குன்றின் மீது ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவியரின் 17 கற்படுக்கைகளையும், அறிவர் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைத் தடாக ஓவியத்தையும் காணலாம். உணவைத் துறந்து உயிர் நீத்த துறவியர் படுத்த இடம் அது என்பர். அதைப் பார்த்துவிட்டு இறங்கும் நமக்கோ, வெயிலும் படிகளும் சேர்ந்து பசியைக் கிளப்பிவிடும்.

பக்கத்து ஊர் அன்னவாசல். பெயரிலுள்ள அன்னம் சோறா, பறவையா என்னும் வழக்கை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது ஒரு வேளை நல்ல உணவு. கொடுக்கும் பணத்திற்கு அது தகுமா, நாம் உண்ணத்தக்கதா என்பதை எப்படி அறிவது?

இன்று தமிழகச் சாலைகளில் எங்கும் ‘பாய் வீட்டுப் பிரியாணி’ என்னும் பலகைகளைக் காண்கிறோம். நம் வீட்டு அடுப்பங்கரைக்குக் கிடைத்த மதிப்பு அது; மகிழ்ச்சியே. ஆனால் அப்பலகையை எவரும் மாட்டலாம். அது கைப்பக்குவத்தைச் சொல்கிறதேயன்றி, ஆட்டை அறுத்தது யார், எவ்வாறு என்பதைச் சொல்வதில்லை.

இதே சிக்கல் கடல் கடந்தும் உண்டு. நியூயார்க் நகரின் யூதர்கள் ‘டெலி’ எனப்படும் இறைச்சி உணவுக் கடைகளுக்குப் பெயர் பெற்றவர்கள். அவற்றுள் புகழ் மிக்க ‘காட்ஸ்’ கடை 1888இல் தொடங்கியது. அங்கே சிறப்பு உணவு ‘பஸ்ட்ராமி’. மாட்டிறைச்சியை உப்பிலும் மசாலாவிலும் பல நாள் ஊறவைத்து, புகையூட்டி, ஆவியில் வேகவைத்து, கையால் துண்டு போட்டு ரொட்டிக்கு நடுவே அடுக்கித் தருவார்கள். துருக்கியரின் ‘பஸ்துர்மா’ ருமேனியா வழியாக யூதர் கைக்கு வந்து இப்படி மாறிற்று. ஒரு ரொட்டியின் விலை 25 டாலருக்கு மேல். அதிகம் என்று முணுமுணுப்போரும் உண்டு. வரிசையில் நிற்போரும் உண்டு. வெட்டுபவர் முதலில் ஒரு துண்டைச் சுவைக்கத் தருவது அக்கடையின் வழக்கம். நம் ஊர்க் கடைக்காரர்கள் கற்றுக்கொள்ளலாம்!

ஆனால் கேளுங்கள்: அந்தக் கடை யூத மார்க்கத்தின் ‘கோஷர்’ சட்டப்படி நடப்பதன்று. ‘கோஷர் பாணி’ என்றே அத்தகைய கடைகளைக் குறிப்பிடுவர். பன்றியை விலக்குவதிலும், முறைப்படி அறுத்து இரத்தத்தை வடிப்பதிலும் கோஷர் நமக்கு நெருக்கமானது. அதற்குமேல், இறைச்சியோடு பாற்பொருளைச் சேர்க்கக் கூடாது என்பதும் அவர்களுடைய சட்டம். தயிரும் நெய்யும் சேர்ந்த நம் பிரியாணியைப் பேணுதலுள்ள யூதர் தொடமாட்டார். ‘பாணி’க் கடைகளிலோ இறைச்சியின் மேல் பாலாடைக்கட்டியே உருகுகிறது. ஆகவே பேணுதலுள்ள யூதர் கடையின் பெயரைப் பார்ப்பதில்லை. சான்றிதழையும் அதை வழங்கியவரையும் பார்க்கிறார். வேதம் அருளப்பட்டோரின் உணவு நமக்கு ஆகும் என்று திருமறையின் ‘அல்மாயிதா’ அத்தியாயம் கூறுகிறது. அங்கு செல்லும் நம்மவரும் ‘கோஷரா, கோஷர் பாணியா’ என்று கேட்டறிவதே முறை.

அன்னவாசலிலும் அதே கேள்விதான். உட்காரும் முன்பே, “கறி எங்கே வாங்குகிறீர்கள்? அறுப்பது யார்?” என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நேர்மையான கடைக்காரர் கறிக்கடையின் பெயரை உடனே சொல்லிவிடுவார்.

அடுத்தது விலை. ஆட்டிறைச்சி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பல ஊர்களில் அதற்கும் மேல். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பது நம் வீட்டுக் கல்யாணக் கணக்கு. அதில் ஆறு தட்டு வந்தால், ஒரு தட்டுக்குக் கறி மட்டுமே 130 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சீரகச் சம்பா, நெய், எண்ணெய், விறகு, கூலி எல்லாம் தனி. அப்படியிருக்க, 120 ரூபாய்க்கு மட்டன் பிரியாணி என்று பலகை கூவினால், எங்கோ ஒன்று குறைந்திருக்கிறது. கறி குறைந்திருக்கலாம், எலும்பு கூடியிருக்கலாம், ஆடே ஆடாக இல்லாமலும் இருக்கலாம். மலிவு என்று மகிழ்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். ‘அல்முதஃப்பிஃபீன்’ என்னும் 83ஆவது அத்தியாயம் அளவில் குறைப்போரை எச்சரித்தே தொடங்குகிறது.

சுவையைச் சோதிப்பது எளிது. அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமலும் உடையாமலும் இருக்க வேண்டும். கறி விரலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நிறமூட்டும் பொடி சேர்த்திருந்தால் கையில் சிவப்பு ஒட்டும். தாளிச்சாவில் பருப்பும் கத்தரிக்காயும் இருக்கின்றனவா, வெறும் புளித்தண்ணீரா என்றும் பாருங்கள். தாளிச்சாவில் சிக்கனம் பார்ப்பவர் தேக்சாவிலும் பார்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

லுஹர் நேரத்தை ஒட்டிச் செல்லுங்கள். தம் உடைத்த சூடு இருக்கும். நால்வருக்கு முதலில் இரண்டு தட்டு மட்டும் வாங்கிப் பகிர்ந்து பாருங்கள். கறியைப் பற்றிய பதிலில் தயக்கம் தெரிந்தால், வெள்ளைச் சோறும் ரசமும் கேட்டு உண்டு எழுந்திருங்கள். குழந்தைகளுக்கு மனத்தாங்கல் வேண்டாம் என்றால், புறப்படும்போதே வீட்டில் ஒரு தூக்கு புளிச்சோறு கட்டிக்கொள்வது நல்லது.