ஒரு புள்ளியும் ஒரு கேள்வியும்

சென்ற தவணைப் பரீட்சையின் ஆங்கில விடைத்தாள்களைத் திருத்துங்கால், 'எவ்ரிவன்' என்று தொடங்கிய வாக்கியம் ஒன்றில், பின்னே 'தெயர்' என வந்திருக்கக் கண்டோம். எல்லோரும் தத்தம் குடையைக் கொண்டுவந்தனர் என்பது அதன் பொருள். முன்னது ஒருமை, பின்னது பன்மை. மாணாக்கராயிருந்த காலத்தில் நாம் மனனஞ் செய்த விதி முன்வந்து நின்றது. சிவப்பு மையால் அதனை வெட்டி, 'ஹிஸ்' என எழுதி, ஒரு புள்ளியைக் குறைத்தோம். அவ்வொரு புள்ளியால் அம்மாணவிக்கு வகுப்பின் முதலிடம் கைநழுவிற்று.

மறுநாள் அவள் விடைத்தாளுடன் வந்தாள். "சேர், எங்கள் வகுப்பிற் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். எங்கள் குடைகளும் 'ஹிஸ்' தானா?" என்று பணிவாகவே வினாவினாள். விதி அதுவே என்று கூறி அனுப்பினோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

நூல்களைப் புரட்டினோம். 'தே' என்னுஞ் சொல்லை ஒருவருக்கு வழங்குதல் பதினான்காம் நூற்றாண்டு தொட்டே ஆங்கிலத்தில் உண்டு. சேக்ஸ்பியரும் ஜேன் ஒஸ்டினும் அவ்வாறு எழுதியுள்ளனர். அதனை வழுவென்று விலக்கியவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணகாரர். 1850 இல் பிரித்தானியப் பாராளுமன்றமும், சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்ணையும் அடக்கும் என விதித்தது. இன்றோ காற்று மாறிவிட்டது. அமெரிக்க உளவியற் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு 2019 இல் ஒருமைத் 'தே'யை ஏற்றுக்கொண்டது. பன்மையாயிருந்த 'யூ' என்பதும் ஒருமைக்கு வந்து, 'தௌ' என்பதை வழக்கொழித்ததன்றோ? ஒருவரை நோக்கியும் 'யூ ஆர்' என்றே நாம் சொல்லுகிறோம்.

இவற்றினும் நம்மை நாணச் செய்தது நம் தாய்மொழியே. 'ஒருவர்' என்பது ஆண் பெண் இருபாற்கும் பொதுவாய்ப் பன்மை வினை கொள்ளும் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறுகின்றன. 'ஒருவர் வந்தார்' என்று நாள்தோறும் பேசுகின்ற நாம், அதனையொத்த வழக்கை ஆங்கிலத்திற் கண்டதும் வழுவென்று வெட்டினோமே!

இதனால் எண் வழுவெல்லாம் அமையும் என்று எவரும் எண்ணற்க. 'எவ்ரிவன்' என்பதன் வினை இன்றும் ஒருமையே. 'எவ்ரிவன் ஆர்' என்று எழுதினால் நம் சிவப்பு மை தயங்காது.

அடுத்த பாடவேளையில், வகுப்பின் முன்னிலையில் நம் பிழையைச் சொல்லி, அப்புள்ளியை மீட்டளித்தோம். முதலிடம் இருவருக்காயிற்று. முன்னரே முதல்வனாயிருந்த பையனே முதலிற் கைதட்டினான். கற்பித்தவரும் கற்கவேண்டியிருப்பதை அவ்வகுப்பு அன்று கண்டது; நாமும் கண்டோம்.