ஆகாயத்தில் ஐம்பது நிமிஷம்

எங்கள் திண்டுக்கல்லில் மலைக்கோட்டை உண்டு, பூட்டு உண்டு, சிறுமலை வாழைப்பழமும் உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது. அதனால் பெரிய குறை ஒன்றும் இல்லை. தெற்கே மதுரையிலும் வடகிழக்கே திருச்சியிலும் இரண்டு விமான நிலையங்கள் எங்களுக்காகக் காத்திருக்கின்றன. சாலை வழியே மதுரை நிலையம் சுமார் 75 கிலோமீட்டர். திருச்சி நிலையம் 100-க்குச் சற்று மேல்.

மதுரையிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் சிறு விமானம் ஐம்பது நிமிஷத்தில் போய்ச் சேரும் என்று பள்ளிக்கூடத்துப் பையன் கணக்குச் சொல்லிவிடுவான். கால அட்டவணையோ ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்கிறது. அதில் பிசகு இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தது முதல், போன ஊரில் சக்கரம் ஓய்ந்து நிற்கும் வரையில் உள்ள நேரம் அது. தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவதும், மெல்ல மேலே ஏறுவதும், இறங்கத் தன் முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

சென்ற ஆண்டு இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சென்னையில் என் தமக்கைக்கு மறுநாள் மாலை நான்கு மணிக்கு அறுவைச் சிகிச்சை என்று இரவில் செய்தி வந்தது.

"விமானத்தில் போவோம், அண்ணா! ஒன்றேகால் மணி நேரந்தானே?" என்றான் தம்பி.

"ரயிலே போதும்" என்றேன் நான்.

எங்கள் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. இருவரையும் பார்த்து, "எதில் போனால் அவள் முகத்தைச் சீக்கிரம் பார்க்கலாம்? அதைச் சொல்லுங்கள்" என்றாள்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மதுரை நிலையத்துக்குக் காரில் ஒன்றரை மணி. சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி. பிரயாணம் ஒன்றேகால் மணி. இறங்கிப் பெட்டியுடன் வெளியே வர அரைமணி. ஆக, நாலேமுக்கால் மணி. காலையில் திண்டுக்கல் வழியே செல்லும் வந்தே பாரத் ரயிலுக்கோ சுமார் ஐந்து மணி. ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷந்தான். பாட்டியைப் படிகளில் ஏற்றி இறக்குவதும் ஒரே தடவையோடு முடிந்துவிடும். ரயிலிலேயே போனோம். மூன்று மணிக்கு முன்பே தாயும் மகளும் கைகோத்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

இதனால் விமானத்தை நான் பழிப்பதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. தரையில் செலவாகும் மூன்றரை மணி நேரம், சென்னைக்குப் போனாலும் டில்லிக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றேதான். தூரம் வளர வளர அந்தச் செலவு அற்பமாகிவிடும். டில்லிக்கு ரயிலில் போகிறவன் இரவை வண்டியிலேயே கழிக்க வேண்டும். விமானத்தில் போகிறவனோ அன்று மாலையே உறவினர் வீட்டில் காப்பி அருந்துவான்.

ஆகவே, அவசரப் பிரயாணம் நேரும்போது, வானத்தில் எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேளாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள். எங்கள் தாயார் விமானமே ஏறியதில்லை. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள்தான்.