மட்டம் பிடித்த பிறகே அளவு

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைச் சரிவை அளக்க இறங்கினால், சங்கிலியைத் தரையில் கிடத்தக் கூடாது. மேலே நிற்பவர் அதைத் தரையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். கீழே நிற்பவர் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, மட்டமாக இழுத்து, அங்கிருந்து தூக்குக்குண்டை விட்டு, குண்டு தொடும் இடத்தில் அம்பு எனப்படும் அடையாளக் கம்பியைக் குத்த வேண்டும். அந்த அம்பிலிருந்து அடுத்த படி. முப்பது பாகைச் சரிவில் ஒரு படிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். கை கடுக்கும். ஆனாலும் வேறு வழியில்லை. பட்டாவில் ஏறும் பரப்பு, நாம் கால் வைத்து நிற்கும் சரிவின் பரப்பு அல்ல. உச்சி வெயிலில் அந்தச் சரிவுக்கு மேலே ஒரு துணியைக் கட்டினால் கீழே மட்டத்தில் எவ்வளவு நிழல் விழுமோ, அவ்வளவுதான் சட்டத்தின் கணக்கில் நிலம்.

சரிவோடு 100 மீட்டர் அளந்தால், பத்துப் பாகைச் சாய்வில் அது கிடைமட்டத்தில் 98.5 மீட்டர். இந்த வித்தியாசத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. இருபது பாகையில் 94, முப்பதில் 86.6. அங்கே போனதும் பங்காளிச் சண்டை ஆரம்பமாகிவிடும்.

ஜியோமெட்ரி என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் மண்ணை அளப்பது என்றுதான் பொருள். எங்கள் தொழிலின் பெயரைத்தான் பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு வைத்திருக்கிறார்கள். அது பிறந்த கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். எகிப்திய அரசன் ஒருவன் குடிகளுக்கு நிலத்தைச் சமச் சதுரங்களாகப் பிரித்துக் கொடுத்து ஆண்டு வரி விதித்தான். நைல் ஆறு ஒருவனுடைய பங்கை அரித்துக்கொண்டு போனால், அவன் அரசனிடம் முறையிடலாம். ஆட்கள் வந்து எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். அந்த அளவுக்கு வரியும் குறையும். கிரேக்கர் ஜியோமெட்ரியைக் கற்றது இதிலிருந்துதான் என்பது அவருடைய கருத்து. மண்ணை இழந்தவனுக்கு நியாயம் செய்யவே அந்தக் கலை தோன்றியது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நம் பக்கத்தில் முதலாம் இராசராசன் 1001-ஆம் ஆண்டை ஒட்டிச் சோழநாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். அதை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்பது பட்டம். அந்தப் பட்டமும் ஏறத்தாழ அந்தக் கிரேக்கச் சொல்தான்.

ஆனால் நைல் கரையும் காவிரிக் கரையும் தட்டையானவை. தண்ணீர் தானாகவே மட்டம் காட்டும் வயலில் கோலைக் கீழே வைத்தாலே அளவு சரியாக வரும். மலையில் அப்படி இல்லை. முதலில் மட்டம் எது என்று முடிவு செய்ய வேண்டும். நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தபோது, அவ்வளவு சமவெளியிலேகூட எஃகுச் சங்கிலியை வெறுந்தரையில் போடவில்லை. முக்காலிகள் மேல் மரத்தொட்டிகளை வைத்து அவற்றில் கிடத்தினார். வெப்பமானி வைத்துச் சங்கிலியின் நீட்சியையும் கணக்கிட்டார். 1821-ல் பி. எஸ். வார்டு நீலகிரியை சர்வே செய்ய வந்தபோது அவருக்கு இந்தச் சோலைகளும் பள்ளங்களும் எப்படித் தெரிந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். மூடுபனி இறங்கிவிட்டால் தூரத்தையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கும் இன்றைய டோட்டல் ஸ்டேஷன் கருவிக்கே எதிர்க்குன்று தெரியாது.

மலையில் மட்டம் கண்டுபிடிக்க என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஏ-ஃபிரேம். ஒரே நீளத்தில் இரண்டு கம்புகள், நடுவில் ஒரு குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு. இரு கால்களையும் இரண்டு முளைகள் மேல் நிறுத்திக் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு சட்டத்தைப் புரட்டி, கால்களை இடம் மாற்றி நிறுத்தி, மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் சரிநடுவே மட்டம். கால்கள் கொஞ்சம் ஏறக்குறைய இருந்தாலும், தரை சாய்ந்திருந்தாலும், புரட்டியதில் பிழை பிழையைத் தின்றுவிடுகிறது. தியோடலைட்டில் கோணத்தை ஒருமுறை இடது முகத்திலும் ஒருமுறை வலது முகத்திலும் படித்துச் சராசரி எடுப்பதும் இதே யோசனைதான். லட்சக்கணக்கில் விலை போகும் கருவிக்கும் காட்டுக் கம்புக்கும் ஒரே தர்க்கம் என்பதை ஒரு பையன் புரிந்துகொள்ளும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கொத்தனார்கள் கயிற்றில் 3, 4, 5 என்று முடிச்சுப் போட்டு மூலைமட்டம் பிடிப்பார்கள். சமவெளியில் இது நம்பகமான முறைதான். ஆனால் சரிவில் கயிற்றைத் தரையோடு விரித்துப் பிடித்த செங்கோணம், வரைபடத்தில் எப்போதும் செங்கோணமாக இருக்காது. ஒரு பக்கம் காண்டூர் என்ற சம உயரக் கோட்டின் வழியே மட்டமாகப் போனால் தப்பிக்கலாம். இரண்டு பக்கங்களும் சரிவில் சம அளவில் கோணலாக இறங்கினால், முப்பது பாகைச் சாய்வில் அந்த 90 பாகை வரைபடத்தில் 98 பாகையாக விரிந்துவிடும். பித்தாகரஸ் பொய்யாகவில்லை, அவர் வேறொரு தளத்தில் உண்மையாக இருக்கிறார், அவ்வளவுதான். வீட்டு மனை பிரிக்கிறவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

தேயிலை நடும்போது இந்தக் கணக்கு காசாகிவிடும். பழைய தோட்டங்களில் நாலடிக்கு நாலடி சதுரம் போட்டு, மலையின் ஏற்ற இறக்கத்தைப் பாராமல் நட்டார்கள். மழைநீர் நிரைகளுக்கு இடையே நேராக ஓடி மண்ணை அள்ளிப் போனது. சம உயரக் கோட்டை ஒட்டி நட்டால் ஒவ்வொரு நிரையும் சரிவுக்குக் குறுக்கே நின்று தண்ணீரைத் தடுக்கும். நிரைக்கு நிரை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 0.75 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 11,100 செடி. செடிக்குச் செடி உள்ள தூரம் மட்டமாகவே போவதால் மாறாது. நிரைகளின் இடைவெளியைச் சரிவோடு அளந்தால், முப்பது பாகையில் அதே பட்டா ஹெக்டேருக்கு 12,800 செடி வேண்டும். நாற்றங்காலுக்கு முன்கூட்டியே எண்ணிக்கை சொல்ல வேண்டியவர், தாம் எந்த அளவைச் சொல்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். மலை எங்கும் ஒரே சாய்வாகவும் இருப்பதில்லை. சாய்வு குறையும் இடத்தில் கோடுகள் விலகும், கூடும் இடத்தில் நெருங்கும். விலகிய இடத்தில் பாதி நிரை ஒன்றைச் செருகுவதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது. கண் பழக வேண்டும்.

என் அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. எல்லைக்கும் பத்திரத்துக்கும் கிடைமட்டப் பரப்புதான் நியாயம். அண்டை நிலங்கள் இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் பொருந்துவது அதில்தான். ஆனால் களை எடுப்பவரும், கவாத்து வெட்டுபவரும், முதுகில் மருந்துத் தொட்டியோடு ஏறுபவரும் வரைபடத்தில் நடப்பதில்லை. முப்பது பாகைச் சரிவில் பட்டாவில் உள்ள ஒரு ஹெக்டேர், அவர்கள் காலுக்கு 1.15 ஹெக்டேர். ஹெக்டேர் கணக்கில் கூலி பேசும்போது அந்த 15 சதவீத உழைப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. வரி குறைக்க அளந்த எகிப்தியர் இதைக் கண்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்றைய கருவியின் திரையில் சாய்வுத் தூரம், கிடைத் தூரம், உயர வேறுபாடு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. வரைபடத்துக்குக் கிடைத் தூரம் மட்டும் போகிறது. நான் மூன்றையும் புத்தகத்தில் ஏற்றி, தோட்டக்காரர் கையில் கொடுக்கும் தாளில் பட்டாப் பரப்புக்குக் கீழேயே சரிவுப் பரப்பையும் எழுதிவிடுகிறேன். கவாத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போடும் மேஸ்திரிகள் இப்போதெல்லாம் இரண்டாவது எண்ணைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.