ஏரியா: தலைமைக்கு எது முதல் வேலை?

பிரிட்டன் 2022இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரியில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் ஏரியா. தொடக்க நிதி 80 கோடி பவுண்டு. தோற்கும் வாய்ப்பு மிகுந்த ஆய்வுக்கும் தெரிந்தே பணம் தரலாம் என்று சட்டமே சொல்கிறது. முதல் பத்தாண்டுக்குள் வெறும் அரசாணையால் அதைக் கலைக்கவும் முடியாது. இவ்வளவு சுதந்திரம் கிடைத்த தலைவர் முதலில் செய்யவேண்டியது என்ன?

*

ஆள் தேடுவது. துறைப் பட்டியல் போட்டுவிட்டுப் பிறகு அதற்கேற்ற ஆளை நியமிப்பது அரசு வழக்கம். ஆனால் ஏரியாவின் முதல் தலைமை நிர்வாகி இலான் குர் எட்டுத் திட்ட இயக்குநர்களை 2023 செப்டம்பரில் அறிவித்தார். எதை ஆராய்வது என்பது அவர்களிடமிருந்து வந்தது. சரியான வரிசை இதுதான்.

*

இந்த வழிக்கு முன்னோடி அமெரிக்காவின் ஆர்ப்பா, இன்றைய டார்பா. ஸ்புட்னிக் பறந்த மறு ஆண்டு, 1958இல் பிறந்தது. அங்கே பணிபுரிந்த பாப் டெய்லரின் அறையில் மூன்று கணினி முனையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊர்க் கணினியோடு மட்டும் பேசும். இவற்றை ஏன் இணைக்கக்கூடாது என்று 1966இல் இயக்குநர் சார்ல்ஸ் ஹெர்ஸ்ஃபெல்டிடம் போய்க் கேட்டார். ஏவுகணைத் தடுப்புக்கு ஒதுக்கியதிலிருந்து பத்து லட்சம் டாலர் எடுத்துக் கொடுத்தார் ஹெர்ஸ்ஃபெல்ட். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் ஓடத் தொடங்கியது. டெய்லரைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எனக்கு ஹெர்ஸ்ஃபெல்ட்தான் பெரிதாகத் தெரிகிறார். ஆளை நம்பினார், பணத்தை நகர்த்தினார், வழிவிட்டார்.

*

டார்பா திட்ட மேலாளர்களுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாண்டுதான். அடையாள அட்டையிலேயே விலகும் தேதி இருக்கும். நாற்காலியைக் காப்பாற்றும் கவலை இல்லாதவர்தான் துணிந்து முடிவெடுப்பார்.

*

1970களின் நடுவில் டார்பாவில் இயக்குநராயிருந்த ஜார்ஜ் ஹைல்மையர் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். என்ன செய்யப் போகிறாய், கலைச்சொல் இல்லாமல் சொல். இன்று எப்படிச் செய்கிறார்கள்? நடந்தால் யாருக்கு லாபம்? வெற்றியா தோல்வியா என்று நடுவழியில் எதை வைத்துக் கண்டுகொள்வாய்? கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம். நிறுத்தும் அளவுகோலைத் தொடங்கும் நாளிலேயே எழுதிவைக்காவிட்டால், பாதியில் எவருக்கும் நிறுத்த மனம் வராது.

*

2004, மொஹாவி பாலைவனம். டார்பாவின் ஓட்டுநரில்லா வண்டிப் போட்டி, சுமார் 240 கிலோமீட்டர். முன்னே போன வண்டியே 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. தோல்வி கண்டு பின்வாங்காமல், டார்பா பரிசை 20 லட்சம் டாலராக இரட்டிப்பாக்கி அடுத்த ஆண்டும் நடத்தியது. அப்போது ஐந்து வண்டிகள் முழுப் பாதையும் ஓடின.

*

இதேபோன்ற ஜெர்மானிய நிறுவனமான ஸ்பிரிண்ட் 2019இல் பிறந்தும் அரசு விதிகளில் சிக்கித் திணறியது. 2023 இறுதியில் தனிச்சட்டம் வந்த பிறகே கைகால் அசைந்தது. நிதி அமைச்சகத்தோடு மல்லுக்கட்டுவதும் தலைவர் வேலைதான்.

*

ஏரியாவுக்குத் தகவல் சுதந்திரச் சட்டத்திலிருந்து விலக்கு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. புவியைக் குளிர்விக்கும் வழிகளை ஆராய 5.68 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். திறந்தவெளிச் சோதனைகளும் அதில் உண்டு. வானம் எல்லோருக்கும் உரியது. வெளிப்புறச் சோதனைக்கு முன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டை வெளியிடுவோம், உள்ளூர் மக்களைக் கேட்போம் என்று ஏரியா சொன்னது நல்லது. அத்தோடு நிற்கக்கூடாது. யாருக்குப் பணம், எதற்காக, எந்தத் திட்டம் ஏன் நிறுத்தப்பட்டது என எல்லாவற்றையும் கேட்காமலே வெளியிடவேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அதைத் தலைவர்தான் செய்ய முடியும்.