உபயம் வேறு, உரிமை வேறு

"அவன் காசு, அவன் கம்பெனி. இவனுகளுக்கு என்னலே வந்துச்சு?"

இது எங்க அப்பா கேட்ட கேள்வி. 2021 ஜூலை 21, சாயங்காலம். கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த நேரம். கையில் மொபைல், மொபைலில் கொல்கத்தா. ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப்பின் வாசலில் ரசிகர்கள் கூட்டமாக நின்று கோஷம் போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் தடியடி. சிவப்பு-மஞ்சள் சட்டை போட்ட பையன்கள் நாலா பக்கமும் ஓடுகிறார்கள். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுபவர். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) முதலாளி என்றால் முதலாளி, வேலைக்காரர் என்றால் வேலைக்காரர், இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். காசு கொடுத்து வேடிக்கை பார்க்கப் போகிறவன் முதலாளியை எதிர்த்து அடி வாங்குவது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கதை.

கோவில்பட்டி என்றால் எல்லோருக்கும் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். ஆனால் இது ஹாக்கி ஊர். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, கிரிக்கெட்டுக்குக் கூடுவதுபோல ஹாக்கிக்குக் கூட்டம் கூடும். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் கோவில்பட்டிக்காரர்தான். சுற்றியிருக்கிற கிராமங்களிலும் ஹாக்கி அணிகள் உண்டு. எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு.

கரிசல் மண்ணில் ஹாக்கி ஆடுவது சாதாரண விஷயமில்லை. வெயில் காலத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து உள்ளே விழுந்தால் கைவிட்டுத்தான் எடுக்கவேண்டும். மழை பெய்துவிட்டாலோ, மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் விடும். அதனால் அப்பா காலத்து இளவட்டங்கள் வீட்டுக்கு வீடு காசு பிரித்து, வண்டி வண்டியாகச் சரள் மண் அடித்து ஒரு மைதானம் போட்டார்கள். தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிய கூலியிலிருந்து எங்க ஆச்சியும் கொடுத்திருக்கிறாள். அணிக்கு எங்கள் ஊர் அம்மன் பெயர். சட்டை மஞ்சளும் சிவப்பும், அதுவும் அம்மன் கோயில் நிறம்தான். எங்கேயோ இருக்கிற ஈஸ்ட் பெங்காலை நான் சின்ன வயதில் பின்தொடர ஆரம்பித்ததே அந்த நிறத்துக்காகத்தான் (சிரிக்காதீர்கள்).

நான் ஒன்பதாவது படிக்கும்போது, பொங்கல் போட்டிக்கு முன்னால் ஒருவர் உதவ முன்வந்தார். எங்கள் ஊரில் பிறந்து வெளியூரில் வசதியானவர். பெயர் வேண்டாம். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பதினைந்து புது ஹாக்கி மட்டை, கோல்கீப்பருக்குப் பேட், ஹெல்மெட், எல்லோருக்கும் ஜெர்சி. மூட்டையைப் பிரித்தோம். ஜெர்சி நீல நிறம். நெஞ்சில் அவருடைய கம்பெனி பெயர். அதுகூடப் பரவாயில்லை. போட்டி நோட்டீஸிலும் அணியின் பெயர் மாறியிருந்தது. அம்மனைக் காணோம், கம்பெனி பெயரோடு 'ஹாக்கி கிளப்' என்றிருந்தது.

பெரியவர்கள், "கொடுக்கிற மகராசன் கையைத் தட்டி விடாதீங்கடா" என்றார்கள். எங்கள் கேப்டன் அண்ணன், "பேரை மட்டும் மாத்தாதீங்கன்னு கேட்டுப் பாப்போம்" என்றார். கேட்டோம். "நான் தானடா செலவு பண்றேன்" என்று பதில் வந்தது. கோயில் திண்ணையில் உட்கார்ந்து கை தூக்கி ஓட்டெடுத்தோம். திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. நானும் கை தூக்கினேன். நாலு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, நீலச் சட்டையோடு போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் வெளுத்துப்போன மஞ்சள் சட்டையும் பழைய மட்டையுமாக இறங்கினோம். முதல் ரவுண்டிலேயே ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். கோல்கீப்பர் என் வகுப்புத் தோழன். பஞ்சு வெளியே தெரிகிற கிழிந்த பேடோடு நின்றவனுக்கு முழங்காலில் அடி. மூன்று மாதம் நொண்டினான். அதற்குப் பிறகு அவன் ஹாக்கி ஆடவே இல்லை.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. காரணம் அவன் முழங்கால்.

சரி, கொல்கத்தாவுக்கு வருவோம்.

ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய கிளப். கிழக்கு வங்காளத்துக்காரர்களின் கிளப். 1947 பிரிவினையில் வீடு, நிலம் எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கையில் மிஞ்சிய சொந்த ஊர் அதுதான் என்று சொல்லலாம். அது இருக்கிற சாலையின் பெயர் லெஸ்லி கிளாடியஸ் சரணி. 1948, 1952, 1956 ஒலிம்பிக்கில் தங்கமும் 1960இல் வெள்ளியும் வாங்கிய நம் ஹாக்கி வீரர் கிளாடியஸின் பெயர்! கால்பந்துக் கோட்டையின் வாசலில் ஒரு ஹாக்கிக்காரர் பெயர் என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்குச் சும்மா இருக்க முடியுமா?

2020 செப்டம்பரில் ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் அந்தக் கிளப்பில் பணம் போட வந்தது. பணம் இல்லாமல் ஐ.எஸ்.எல். ஆட முடியாது. ஆரம்ப ஒப்பந்தம் கையெழுத்தாகி அணியும் ஆடியது, 11 அணிகளில் 9ஆவது இடம். ஆனால் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். போட்டால் உறுப்பினர்களின் உரிமை போய்விடும் என்பது அவர்கள் வாதம். போடாவிட்டால் அணியே இருக்காது என்பது எதிர் வாதம். ஜூலை 21 அன்று வாசலில் நின்றது ஒரே கூட்டம் இல்லை. "கையெழுத்துப் போடு" என்று நிர்வாகிகளை எதிர்த்து ஒரு கூட்டம், "போடாதே" என்று அவர்கள் பக்கம் ஒரு கூட்டம். இரண்டு பேருக்கும் ஒரே சட்டை, ஒரே கிளப். இரண்டு பேருக்கும் நடுவில்தான் போலீஸ் புகுந்தது.

எங்கள் திண்ணையில் கை தூக்கியவர்களும் நீலச் சட்டையோடு போன நாலு பேரும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தார்கள். இரண்டு பக்கமும் அணி நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை.

அப்புறம் என்ன ஆயிற்று? ஆகஸ்டில் முதல்வர் மம்தா பானர்ஜி தலையிட்டு, அந்த ஒரு வருஷத்துக்குச் சமாதானம். அவசர அவசரமாகச் சேர்த்த அணி 20 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்துக் கடைசி இடம் பிடித்தது. 2022இல் ஸ்ரீ சிமெண்ட் விலகியது, இமாமி வந்தது. எங்கள் ஐந்து கோல் மாதிரிதான் இதுவும்.

அதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. மோகன் பகான், 1889இல் தொடங்கியது. 1911இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய கிளப். 2020இல் சஞ்சீவ் கோயங்காவின் குழுமம் பெரும்பங்கை வாங்கி, தன் பழைய அணியின் பெயரை முன்னால் ஒட்டி 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆக்கியது. ரசிகர்கள் விடவில்லை. 'ஏ.டி.கே.வை நீக்கு' என்று பேனர், ஊர்வலம், இணையத்தில் பிரசாரம் எல்லாம் செய்தார்கள். 2023 மார்ச் 18, கோவாவில் இறுதிப் போட்டி. பெங்களூருவைப் பெனால்டியில் ஜெயித்ததும் கோயங்காவே அறிவித்தார், அடுத்த சீசன் முதல் 'மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட்'. முன்னால் இருந்தது போய்விட்டது, பின்னால் ஒன்று வந்துவிட்டது! முழு வெற்றி இல்லை. ஆனாலும் முதலாளியே இறங்கி வந்தார் இல்லையா?

பக்கத்துக் கேரளாவில் பிளாஸ்டர்ஸ் அணி 2014, 2016, 2022 என்று மூன்று இறுதிப் போட்டியிலும் தோற்றது. மஞ்சப்படை ரசிகர்கள் தோல்விகளைப் பொறுத்துக்கொண்டார்கள். நிர்வாகத்துக்கு அக்கறை இல்லை என்று தோன்றிய பிறகுதான் 2025 ஜனவரியில் வெளிப்படையாகப் போராட இறங்கினார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் கிளப்பை கிளேசர் குடும்பம் 2005இல் கடன் வாங்கி வாங்கியது, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. அப்போது வெறுத்துப்போன ரசிகர்கள் சிலர் 'எஃப்.சி. யுனைட்டெட் ஆஃப் மான்செஸ்டர்' என்று தங்களுக்கே ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். 2021 மே 2 அன்று மற்றவர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட, லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிப்போனது.

எனக்கு இதிலெல்லாம் பிடித்தது ஜெர்மனிக்காரன் ஏற்பாடுதான். அங்கே 'ஐம்பது கூட்டல் ஒன்று' என்று ஒரு விதி. யார் எவ்வளவு பணம் போட்டாலும், சில விதிவிலக்குகள் தவிர, பாதிக்கு மேல் ஓட்டு கிளப் உறுப்பினர்களிடம்தான் இருக்கவேண்டும். முதலீட்டாளரைக் கூட்டிவரப் பார்த்த லீக்கை எதிர்த்து ரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பணம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பணத்தோடு சாவியையும் கொடுக்கமாட்டோம் என்றார்கள்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு லீவில் போயிருந்தேன். கோயில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 'உபயம்' என்று பெயர் எழுதி, வெளிச்சம் வர இடமே இருக்காது. அதைக் காட்டி அப்பாவிடம் சொன்னேன். "லைட்டு வாங்கிக் கொடுத்தவரு பேரை எழுதிக்கிறாரு, யாரும் சண்டைக்குப் போகல. அதுக்காக அம்மன் பேரை மாத்துறேன்னு சொன்னா விடுவீங்களாப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விடமாட்டோம். ஆனா லைட்டுக்கு நாமதான் காசு போடணும்லே."

சரிதான். 'இது எங்களுடையது' என்று சொல்வது சுலபம். அப்படிச் சொன்ன பிறகு வருகிற செலவைச் சுமப்பதுதான் கஷ்டம். எங்கள் அணிக்கு இப்போது கோயில் கொடை வரி மாதிரியே தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் பிரிக்கிறார்கள். பெரிய தொகை இல்லை. சட்டை இன்னும் மஞ்சள்-சிவப்புதான், தையல் பிரிந்ததைத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காசில் முதல் வருஷம் வாங்கியது ஒரே ஒரு பொருள்.

கோல்கீப்பருக்குப் பேட்.