வெப்பமானியும் கம்பளியும்

சென்ற ஞாயிறு காலையில் நம் பேரன் தன் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து எம்முன் விரித்தான். ஐரோப்பிய நாடுகளில் இதுவரை பதிவான மிகக் கூடிய வெப்பமும் மிகக் குறைந்த வெப்பமும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பாடசாலையில் கொடுத்த வேலையாம்.

சிசிலித் தீவிலே 2021 ஆகஸ்ட் 11ஆந் திகதி 48.8 பாகை செல்சியஸ். ஐரோப்பாவின் உச்சம் அதுவே. ரஷ்யாவின் கோமிப் பிரதேசத்தில் 1978 டிசம்பர் 31ஆந் திகதி பூச்சியத்துக்குக் கீழே 58.1 பாகை. இங்கிலாந்து 40 பாகையைக் கடந்தது 2022 ஜூலையில்தான். ஸ்கொத்லாந்தின் பிரேமார் என்னும் ஊரிலோ 1895இலும் 1982இலும் பூச்சியத்துக்குக் கீழே 27.2 பாகை.

ஸ்கொத்லாந்து என்றதும் நமக்குப் பழைய துரைமாரின் நினைவு வந்தது. அவர்களிற் பலர் அந்நாட்டவர். அக்குளிரில் வளர்ந்தவர்களுக்கு ஊவா மலைகள் இளவேனிலாகவே இருந்திருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்த நம் முன்னோருக்கோ அக்குளிர் எலும்பைத் துளைத்தது. நம் பாட்டியிடம் வெப்பமானி இருந்ததில்லை. "இன்றைக்கு இரண்டு கம்பளிக் குளிர்" என்பாள்; அதுவே அளவு. மேலே அப்புத்தளையில் கம்பளி கேட்கும் அதே வேளையில், கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பஸ்ஸில் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை கூடும் என்பர். நம் மீரியபெத்த இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள சரிவு.

"இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் தாத்தா?" என்றான் பேரன். சலாகை அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக, நிழலில் வெப்பமானியை வைத்து அளப்பார்கள் என்றோம். அளந்ததும் ஒப்புக்கொள்வதுமில்லை. சிசிலியின் கணக்கை உலக வானிலை அமைப்பு ஆராய்ந்து உறுதிசெய்தது 2024இல். 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவிலே ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் வெப்பத்தால் மாண்டனர். அடுத்த ஆண்டே பிரான்ஸ், வெப்பம் இன்ன அளவைத் தொட்டால் முதியோரைச் சென்று பார்க்கவேண்டுமென ஒரு திட்டம் வகுத்தது.

"நம் ஊரில் எதை அளக்கவேண்டும்?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். நமக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி அவன் பிறந்திருக்கவில்லை. அன்று காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. இவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டதுண்டு. ஆனால் லயத்தை விட்டு எங்கே போவது? அக்கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை. நாமும் உரத்துக் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

மழையைத்தான் அளக்கவேண்டும் என்றோம். இரண்டும் தொடர்பில்லாதவை அல்ல. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ ஏழு வீதம் அதிக நீராவியைத் தாங்குமாம். அத்தனையும் ஒருநாள் மழையாக இறங்கவேண்டியதுதானே? மண்சரிவுப் பிரதேசங்களில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்கவேண்டும். 100ஐக் கடந்தால் மூட்டை கட்டவேண்டும். 150ஐக் கடந்தால் வெளியேறிவிடவேண்டும்.

பக்கங்கள் நேரான கண்ணாடிப் பாத்திரமொன்றைத் தேடியெடுத்து, மரநிழல் படாத இடத்தில் வைத்தோம். அன்றிரவு மழை பெய்தது. விடிந்ததும் அவன் அடிமட்டத்துடன் ஓடினான். கொப்பியில் ரஷ்யாவுக்குக் கீழே ஒரு கோடிழுத்து எழுதினான்: மீரியபெத்த, 22 மில்லிமீற்றர்.