லிஸ்பனில் வந்த சோதனை

பிப்ரவரி 3, இராமநாதபுரம்
நாளை, போர்த்துக்கல்லிலிருந்து வந்து மறவர் நாட்டில் போதித்த சேசு சபைக் குரு அருளானந்தரின் திருநாள். 1693-இல் இதே தேதியில், ஓரியூர்க் காவலில் கரியைத் தண்ணீரில் குழைத்து, சேசு சபைத் தோழர்களுக்குக் கடைசிக் கடிதங்களை எழுதினார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 6-இல், மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். ஜனவரி 8-இல் கைது. தலைநகரில் வெட்டினால் கலகம் வரும் என்று அஞ்சிய மறவர் நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி, அவரை ஓரியூரிலிருந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பிவைத்தார்.

பிப்ரவரி 4, ஓரியூர்
பூசை முடிந்ததும் கூட்டம் செம்மண்ணைப் பொட்டலம் கட்டுகிறது. அவர் இரத்தம் சிந்தியதால் சிவந்த மண் என்பது நம்பிக்கை. பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர், “இந்த மண்ணு வாசல்ல இருந்தா பேய் பிசாசு அண்டாது தம்பி” என்றார். தீமை வாசல் வழியாகத்தான் வரும் என்பது அவர் கணக்கு.

பிப்ரவரி 5, தொண்டி
அருளானந்தருக்குத் தீமை வேறு வழியாகவும் வந்தது. 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தார். இனி மறவர் நாட்டில் போதிக்கக்கூடாது என்ற ஆணையோடு விடுதலை. மறு ஆண்டு போர்த்துக்கல் போனார். சிறுவயதில் அரண்மனையில் கூட வளர்ந்த இரண்டாம் பேதுரு அப்போது மன்னர். இளவரசனுக்கு ஆசிரியராக இங்கேயே இரும் என்றார். அதில் பாவம் எது? அரசவையிலிருந்தே, தாம் பணியாற்றிய மதுரை மிஷனுக்கு உதவியிருக்கலாமே.

சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மப் பயிற்சிக’ளில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார். நல்லவர்களிடம் பசாசு ஒளியின் தூதன் வேடத்தில் வரும். ஆகவே ஒரு யோசனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து பார். முதலில் ஏற்றுக்கொண்ட நன்மையைவிடக் குறைந்த நன்மையில் போய் நின்றால், அது வந்த இடம் சரியில்லை. அருளானந்தர் 1690-இல் திரும்பிவிட்டார். வாளுக்கு முன் காட்டிய துணிவைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 6
இன்னொரு ஆளையும் நினைக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்காகத் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுக்காரி. அவள் முறையிட்டதில்தான் கைது நடந்தது. அவளைப் பசாசின் கையாளாக்கிக் கதை சொல்வது சுலபம். ஒரே நாளில் வாழ்வு பறிபோன பெண் வேறு எங்கே போய் முறையிடுவாள்? ஒரு நன்மை இன்னொருத்தியின் தலையில் இடியாக இறங்கியிருக்கிறது. அதைப் பேசாத பிரசங்கம் பாதிப் பிரசங்கம்.

பிப்ரவரி 18, விபூதிப் புதன், தங்கச்சிமடம்
1693-இல் அவர் வெட்டுப்பட்ட நாளும் விபூதிப் புதன்தான். அந்த நாள் பிப்ரவரி 4-க்கு முன்னால் ஒருபோதும் வராது. அந்த ஆண்டு முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

பரலோக மந்திரம் கடைசியில் சோதனையையும் தீமையையும் பற்றித்தான் கேட்டு முடிகிறது. சோதனை முதலில் வருகிறது, தீமை பிறகு. இந்தத் தவக்காலத்தில் இரவுச் செபத்தின்போது, அன்றைக்குச் செய்த தப்புகளைவிட, அன்றைக்கு நியாயமென்று தோன்றியவற்றை முதலில் விசாரிப்பதாக இருக்கிறேன்.